கையெழுத்துக்கு முன்னால் நடக்க வேண்டிய பேச்சு

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் நடப்பது இதுதான். சிஸ்டர் ஒருவர் கேஸ் ஷீட்டோடு வருவார். "அட்டெண்டர் யாரு?" என்று கேட்பார். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் நோயாளியை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் மகனையோ கணவரையோ கூப்பிட்டு, "இங்க போடுங்க, இங்க, அப்புறம் பின்பக்கம்" என்று விரலால் காட்டுவார். என்ன அறுவை சிகிச்சை என்று எழுத வேண்டிய கோடு சில சமயம் காலியாகவே இருக்கும். யாராவது "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டால், "எல்லாருக்கும் வாங்குறதுதான், சும்மா ஃபார்மாலிட்டி" என்று பதில் வரும்.

மருத்துவத் தொழிலில் அறம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கமிஷன், தேவையில்லாத ஸ்கேன், மருந்து கம்பெனி பரிசு இதெல்லாம்தான். அவையும் தவறுகள்தான், மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நோயாளியை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் தடை செய்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பவை. ஒரு மருத்துவர் தன் தொழிலை எப்படி மதிக்கிறார் என்பதை ஒரு சாதாரண ஆள் நேருக்கு நேர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அவர் எப்படிச் சம்மதம் வாங்குகிறார் என்று பார்த்தால் போதும் என்பேன்.

சம்மதத்தின் அடிப்படை எளிமையானது. உங்கள் உடம்பு உங்களுடையது. நல்லதுக்காகவே என்றாலும், உங்களைக் கேட்காமல் இன்னொருவர் அதைத் தொடவோ வெட்டவோ முடியாது. ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டுகிறோமே, அதுவே ஒரு சம்மதம்தான். அதற்கு யாரும் படிவம் நீட்டுவதில்லை. ஆபத்து கூடக் கூட, கேட்பதும் விளக்குவதும் கூட வேண்டும். அறுவை சிகிச்சை, மயக்க மருந்து என்று வரும்போது எழுத்து வடிவிலும் வேண்டும்.

அந்தக் காகிதம் ஒரு ரசீது மாதிரி. சரக்கு கைமாறியதற்கு அத்தாட்சி. சரக்கே வராமல் ரசீதில் மட்டும் கையெழுத்து வாங்கினால் அதற்கு என்ன மதிப்போ, பேசாமல் வாங்கிய சம்மதப் படிவத்துக்கும் அதே மதிப்புதான்.

இதை இந்தியச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு டெல்லி வழக்கைச் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் சட்ட வகுப்பு எடுப்பவர்கள் தவறாமல் சொல்லும் வழக்கு. 1995 மே மாதம், திருமணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர் மாதவிடாய் ரத்தப்போக்கு நிற்காமல் இருப்பதாக ஒரு கிளினிக்குக்குப் போகிறார். ஸ்கேன் எடுத்தார்கள். உறுதியாகத் தெரிய லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமராவை விட்டுப் பார்க்கும் சோதனை, செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். மறுநாள் மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. கருவியை உள்ளே விட்டுப் பார்த்தால் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். உதவி மருத்துவர் தியேட்டரை விட்டு வெளியே வந்து, அங்கே காத்திருந்த நோயாளியின் தாயாரிடம் விஷயத்தைச் சொல்லி, கருப்பையை எடுக்க அவரிடம் சம்மதம் வாங்கினார். கருப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாம் எடுக்கப்பட்டன. நோயாளி கண் விழித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அவர் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2003-ல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இந்த வழக்கில் மருத்துவர் தரப்பு வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. எப்படியும் பின்னால் எடுக்க வேண்டி வரும் உறுப்பு, இரண்டாவது முறை மயக்க மருந்து வேண்டாம், இரண்டாவது செலவும் வேண்டாம், பெற்ற தாயையும் கேட்டாயிற்று. நம் ஊரில் பத்துப் பேரிடம் சொன்னால் எட்டுப் பேர் "சரியாத்தானே செஞ்சிருக்காங்க" என்பார்கள். நீதிமன்றமும் அந்த மருத்துவர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகச் சொல்லவில்லை. ஆனாலும் தவறு தவறுதான் என்றது. நோயைக் கண்டறியக் கொடுத்த சம்மதம் அதற்கான சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. ஒரு சிகிச்சைக்குச் சொன்ன சரி இன்னொன்றுக்குச் செல்லாது. நோயாளி வயதுவந்த, தெளிவான புத்தியுள்ள பெண். மயக்க மருந்தில் சில மணி நேரம் படுத்திருக்கிறார் என்பதற்காக அவருக்குப் பதில் தாயாரைக் கேட்க முடியாது. விழிக்கும்வரை காத்திருந்தால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்ற நிலை இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அவசரம் எதுவும் இல்லாதபோது, நோயாளிக்கு நன்மைதானே, பணமும் நேரமும் மிச்சம்தானே என்பதெல்லாம் செல்லாது.

மருத்துவருக்கு அந்த அறுவை சிகிச்சைக்கான கட்டணம் கிடையாது என்றும், 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் உத்தரவானது. கருப்பையையும் சினைப்பைகளையும் கேட்காமல் எடுத்ததற்கு 25,000 ரூபாய். தொகையைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு வகுத்த விதிகள்தான் இன்றைக்கும் இந்தியாவில் சம்மதம் பற்றிய எந்தப் பேச்சுக்கும் தொடக்கம்.

சரி, அந்த விதிகளின்படி நோயாளியிடம் என்னென்ன சொல்ல வேண்டும்? என்ன செய்யப் போகிறோம், எதற்காக, அதனால் என்ன பலன். வேறு வழி இருக்கிறதா. பெரிய ஆபத்துகள் என்ன. வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும். அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு முடிவெடுக்கும் நிலையில் நோயாளி இருக்க வேண்டும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் அந்த முடிவு வர வேண்டும்.

காகிதத்தில் படிக்கும்போது பெரிய விஷயமாகத் தெரிகிறது. நடைமுறையில் இது பத்து நிமிடப் பேச்சு. பித்தப்பைக் கல் வந்து அடிக்கடி வலியால் துடிக்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். நல்ல சர்ஜன் ஒருவர் இப்படிப் பேசுவார்:

"அம்மா, உங்க வலிக்குக் காரணம் பித்தப்பையில இருக்கிற கல்லு. கல்லை மட்டும் எடுத்தா திரும்ப வந்துடும், அதனால பையையே எடுக்கணும். அது இல்லாமலே சாப்பாடு செரிக்கும், பயப்படாதீங்க. வயித்துல நாலு சின்னத் துளை போட்டு கேமரா வெச்சுச் செய்வோம். உள்ள ரொம்ப ஒட்டிக்கிட்டு இருந்தா துளை வழியா முடியாது, வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். சில பேருக்கு அப்படி ஆகும். அப்படித் திறந்தா ஆஸ்பத்திரியில கூட ரெண்டு மூணு நாள் இருக்க வேண்டி வரும். இன்னொண்ணு, பித்தக் குழாய்ல அடிபட வாய்ப்பு இருக்கு. ரொம்பக் குறைவு, ஆனா பட்டா பெரிய பிரச்சினை, இன்னொரு ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். இப்ப வேண்டாம்னு தள்ளிப்போட்டா, வலி திரும்பத் திரும்ப வரும். கல்லு குழாய்க்குள்ள இறங்கிட்டா மஞ்சள் காமாலை, கணையத்துல வீக்கம்னு கொண்டுபோய் விடலாம். வலியே இல்லாம, வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது கல்லு தெரிஞ்சவங்களா இருந்தா, பெரும்பாலும் சும்மா விட்டுப் பார்க்கலாம்னுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படி இல்ல."

அப்புறம் ஒரு கேள்வி கேட்பார். "புரிஞ்சுதா?" என்பது அந்தக் கேள்வி கிடையாது, அதற்கு நம் ஜனங்கள் எல்லாரும் தலையைத்தான் ஆட்டுவார்கள். "வீட்டுக்குப் போன் பண்ணி உங்க தங்கச்சிகிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்பார். அந்த அம்மா, "பையை எடுத்துட்டா அப்புறம் எண்ணெய்ப் பதார்த்தமே சாப்பிடக் கூடாதாம்" என்று ஆரம்பித்தால், எங்கே பிசகியது என்று டாக்டருக்கு அங்கேயே தெரிந்துவிடும். திரும்பச் சொல்லச் சொல்லும் இந்த முறைக்குக் கூடுதலாக ஆவது ஓரிரு நிமிடம்தான். இருந்தும் வெகு சிலரே செய்கிறார்கள்.

இந்தப் பேச்சை யார் பேச வேண்டும் என்பதும் முக்கியம். அறுவை சிகிச்சை செய்யப் போகிறவர்தான் பேச வேண்டும். மயக்க மருந்து பற்றி மயக்க மருந்து டாக்டர் தனியாகப் பேச வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் அது ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் என்ற பயிற்சி மருத்துவர் தலையில் விழும். அந்தப் பையனோ பெண்ணோ அந்த அறுவை சிகிச்சையை ஒரு முறை ஓரமாக நின்று பார்த்திருந்தாலே அதிகம். நோயாளி கேட்கும் இரண்டாவது கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. குற்றம் அவர்மேல் இல்லை, அவரை அனுப்பியவர்மேல்தான்.

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்தையெல்லாம் அடுக்கினால் தேவையான சிகிச்சைக்கே ஆள் பயந்து ஓடிவிடுவார். அதனால் அரிதான, ஏட்டளவிலான ஆபத்துகளையெல்லாம் விளக்க வேண்டியதில்லை என்று அந்த 2008 தீர்ப்பே சொல்கிறது. எவ்வளவு சொன்னால் போதும் என்பதை அளக்க அது எடுத்துக்கொண்ட அளவுகோல், பொறுப்பான மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்கள் என்பது. நோயாளி எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்ற அமெரிக்க அளவுகோலை வேண்டாம் என்றது. இங்கே ஏழ்மை அதிகம், படிப்பறிவு குறைவு, அரசு மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

இந்தியா எந்த நாட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டதோ, அந்த பிரிட்டனே 2015-ல் அதைக் கைவிட்டுவிட்டது. ஸ்காட்லாந்திலிருந்து போன வழக்கு அது. சர்க்கரை நோயுள்ள, உயரம் குறைந்த ஒரு கர்ப்பிணி. அப்படிப்பட்ட தாய்மார்களுக்குக் குழந்தை பெரிதாக இருக்கும். பிரசவத்தில் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது, பத்து. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் சிசேரியன்தான் கேட்பார்கள் என்று நினைத்தார். 1999-ல் நடந்த பிரசவத்தில் தோள் மாட்டி, குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. இந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் எந்த ஆபத்தை முக்கியமாக நினைப்பாரோ அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 50 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு போனது.

என்னைக் கேட்டால், ஏழ்மையும் படிப்பறிவின்மையும் குறைவாகச் சொல்வதற்கான காரணம் ஆகாது. படித்தவர் வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடிக்கொள்வார், தெரிந்த டாக்டருக்குப் போன் போடுவார். படிக்காதவருக்கு அந்த மருத்துவரின் வாயை விட்டால் வேறு வழி இல்லை.

நம் உச்ச நீதிமன்றமும் பின்னால் ஒரு வழக்கில் அந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்தது. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் ஒரே ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்குள் 53 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த வழக்கில் 2016 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, விவரங்கள் அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும், விளக்கிய பிறகு மனம் மாற நினைத்தால் மாற சுமார் ஒரு மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும் என்றது. யோசிக்க நேரம் என்பதும் சம்மதத்தின் ஒரு பகுதி. ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோன பிறகு நீட்டப்படும் படிவத்தில் அந்த அவகாசம் இல்லை.

இனி குடும்பம். நம் ஊரில் இதுதான் பெரிய அத்தியாயம்.

"அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு." அன்பில் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அப்பாவுக்கு கீமோ ஏற்றுகிறார்கள், முடி கொட்டுகிறது, பக்கத்துக் கட்டில்காரர் தன் நோயை வெளிப்படையாகப் பேசுகிறார். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது தெரியாத மாதிரி நடித்துக்கொண்டு, பிள்ளைகளிடம் பேச வேண்டியதைப் பேசாமலே காலம் போய்விடும். அனுபவமுள்ள மருத்துவர்கள் இதைக் கையாளும் விதம் அழகானது. முதலில் குடும்பத்தாரிடம், "நானா போய்ச் சொல்ல மாட்டேன், ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்று தெளிவுபடுத்திவிடுவார்கள். அப்புறம் நோயாளியிடம் தனியாக, "உங்க நோயைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? இல்ல, பையன்கிட்டயே பேசிக்கட்டுமா?" என்று கேட்பார்கள். "நீங்களும் அவனும் பார்த்துக்கோங்க, எனக்கு விவரம் வேண்டாம்" என்று அவரே சொன்னால், அதுவும் அவருடைய முடிவுதான்; அதை மதிக்கலாம். அவரைக் கேட்காமலே அவருக்காக அந்த முடிவை எடுப்பதுதான் கூடாது.

கணவர் கையெழுத்து விஷயத்திலும் குழப்பம் நிறைய. வயதுவந்த பெண் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொள்ள அவருடைய சம்மதம் மட்டும் போதும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கணவர் சம்மதத்தைக் கேட்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கும் கணவன் மனைவி ஒருவர் சம்மதம் மற்றவருக்குத் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனாலும் பல இடங்களில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். பின்னால் வந்து யாரும் சண்டை போடக் கூடாது என்ற பயம்தான் காரணம். உறவினர் சாட்சிக் கையெழுத்துப் போடுவதில் தப்பில்லை. நோயாளிக்குப் பதிலாகப் போடுவதுதான் தப்பு. சின்னக் குழந்தைகளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை.

அவசர சிகிச்சையில் இதெல்லாம் மாறும். விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் வருகிறவருக்கு, கூட ஆள் இல்லை, கையெழுத்துப் போட யாரும் இல்லை என்று சொல்லி எந்த மருத்துவரும் காத்திருக்கக் கூடாது. போலீஸ் வரட்டும் என்றும் சொல்லக் கூடாது; உயிரைக் காப்பாற்றுவதே முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. நல்லெண்ணத்தோடு செய்த அவசர சிகிச்சைக்குச் சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது.

சரி என்று சொல்லும் உரிமை இருந்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இருக்கத்தானே வேண்டும். தியேட்டர் வாசல்வரை போய்விட்டு "வேண்டாம் டாக்டர்" என்று திரும்பலாம். வீட்டுக்குப் போகிறேன் என்றால் ஏ.எம்.ஏ., அதாவது மருத்துவர் ஆலோசனையை மீறிப் போகிறார், என்று எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புவார்கள். அப்போதும் போகாமல் இருந்தால் என்ன நன்மை, போனால் என்ன ஆபத்து, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவது மருத்துவரின் கடமை. கோபத்தில் "இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதைவிடத் தொழில் தர்மத்துக்கு விரோதமான பேச்சு இல்லை. கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது; 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ உறுதிப்படுத்தினால் போதும் என்றார்கள்.

கத்தி இல்லாத இடங்களிலும் சம்மதம் உண்டு. எச்.ஐ.வி. பரிசோதனையை மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்துச் சத்தமில்லாமல் எடுக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற்ற பிறகுதான். உங்களை யாரென்று அடையாளம் தெரியும்படி படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2002 விதிகள் மருத்துவ இதழ்களை மனதில் வைத்து எழுதின. இன்றைக்கு டாக்டர்கள் ரீல்ஸ் போடுகிறார்கள். பிரசவ அறையில் எடுத்த வீடியோவுக்கும் அதே விதிதான். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது நடத்தை விதிகளை வெளியிட்டு, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்தது. அதனால் மறுபடியும் 2002 விதிகள்தான் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளில் நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று இருக்கிறது. உள்நோயாளியாக இருந்தவரின் மருத்துவப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேஸ் ஷீட்டோடு சம்மதப் படிவத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். காலியாக விட்ட கோட்டில் பின்னால் என்ன எழுதினார்கள் என்று அதில்தான் தெரியும். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுத வேண்டும். அது எச்சரிக்கலாம், பதிவிலிருந்து பெயரை நீக்கலாம், இழப்பீடு வாங்கித் தராது. இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். எல்லாருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே நடந்ததற்கு சிவில் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டியிருக்கும்.